பிறர் தேவையை எழுதும் பொறுப்பு

நோயாளியின் வியாதி இன்னதென்று டாக்டர் கண்டு சொல்கிறார். அதற்கு மருந்தும் எழுதுகிறார். ஆனால் அந்த நோயாளி இரவில் தாகமெடுத்தால் கையை நீட்டித் தண்ணீரை எடுக்க வல்லவரா, தனியே எழுந்து கழிவறைக்குப் போகத் தக்கவரா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அவருக்கு வலி குறைகிறது, எதை நினைத்து உறங்காமல் விழித்துக் கிடக்கிறார் என்பனவற்றையெல்லாம் யார் கண்டறிவது? கண்டறிந்ததை யார் எழுதி வைப்பது? எழுதியது உண்மைக்கு மாறாகப் போய்விட்டால் அந்தப் பிழை யாருடைய கணக்கில் ஏறும்?

“இது ஆஸ்பத்திரிக்காரர்களின் விஷயமாயிற்றே! கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இதில் என்ன வேலை?” என்று வாசக சகோதரர்கள் கேட்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நாம் மத்ரஸாவில் ஓதினோம். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தோம். பெரிய தத்துவங்களைப் பேசும் தகுதி நமக்கில்லை. ஆனால் கணக்கு எழுதத் தெரியும். பொய்க் கணக்கு எழுதினால் கடைசியில் என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டு, ஒரு நல்ல தாதியின் கையால் ஒரு பொய்க் கணக்கை எழுத வைத்தோம். அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

நாம் சொன்ன ஒரு வார்த்தை

2018ஆம் ஆண்டு நமது தாயார் காலில் ஆறாத புண் ஒன்றுக்காகச் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 74. நெடுநாளாக இனிப்புநீர் வியாதி உண்டு. படுக்கை கொடுத்த சிறிது நேரத்தில் மலாய்க்காரத் தாதி ஒருவர் வந்தார். பெயரையும் அடையாள எண்ணையும் கேட்டு, கையில் மாட்டிய பட்டையோடு ஒத்துப் பார்த்தார். பிறகு சக்கரம் வைத்த மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை அருகில் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கண் எப்படி, காது எப்படி, பல் சொந்தப் பல்லா கட்டிய பல்லா, உணவில் எதை நீக்க வேண்டும், வீட்டில் யார் துணை? இப்படியே கேட்டுக்கொண்டு வந்தவர், “கடந்த மூன்று மாதத்தில் எங்கேயாவது விழுந்தார்களா?” என்றார்.

விழுந்திருந்தார்கள். இரண்டு தடவை, குளியலறையில். நாம் கடையில் இருந்த நேரத்தில் விழுந்து, தாமே எழுந்து வந்து, மாலையில் நம்மிடம் சொன்னார்கள். ஆனால் பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வந்திருந்தவர்கள் நம்மூர்க்காரர்கள். நமது கடையை நன்றாகத் தெரிந்தவர்கள். “பிள்ளைகள் இருந்தும் கிழவியைப் பார்க்க ஆளில்லை போலிருக்கிறது” என்ற பேச்சு மறுநாளே கடைத்தெருவுக்கு வந்துவிடும் என்று நமக்குத் தோன்றிற்று.

“இல்லை” என்றோம்.

தாயார் நமது முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒன்றும் பேசவில்லை. தாதி “இல்லை” என்றே பதிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் இரவு தாயார் யாரையும் கூப்பிடாமல் எழுந்து கழிவறைக்குப் போக முற்பட்டு, கட்டில் ஓரத்திலேயே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் படுக்கையில் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பின்னும் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தார்கள். 2021இல் வேறொரு வியாதியால் வபாத்தானார்கள். ஆனாலும் அந்த மூன்று ஆண்டுகளும் அந்தச் சட்டம் தரையில் இடிக்கும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், வார்டில் நாம் சொன்ன அந்த ஒரு வார்த்தை நமக்கு ஞாபகம் வரும்.

25 என்ற எண்

நமது சகோதரியின் மகள் தாதித் தொழிலுக்குப் படித்தவள். அவள்தான் பிற்பாடு நமக்கு இதை விளக்கினாள். நோயாளி விழக்கூடியவரா என்று கணக்கிடத் தாதியர் ஓர் அளவையை வைத்திருக்கிறார்கள். ஜேனிஸ் மோர்ஸ் என்னும் அம்மையாரின் பெயரால் வழங்கும் இந்த அளவை 1989இல் வெளியாயிற்று. கேள்விகள் ஆறே ஆறு. முன்பு விழுந்தவருக்கு 25 புள்ளி. வேறொரு வியாதியும் சேர்ந்திருந்தால் 15. நரம்பில் டிரிப் ஊசி இருந்தால் 20. ஊன்றுகோல் பிடித்து நடந்தால் 15; மேசை நாற்காலியைப் பற்றிக்கொண்டு நடந்தால் 30. நடை தளர்ந்திருந்தால் 10. மிகவும் கெட்டிருந்தால் 20. தம்மால் எது முடியும் எது முடியாது என்பதை மறந்துபோகிறவருக்கு 15. ஆகக் கூடுதலாக 125. பல ஆஸ்பத்திரிகளில் 45ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம் என்று கொள்வார்கள்.

நமது தாயாருக்கு இரண்டு வியாதிகள் உண்டு, அதற்கு 15. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது; அதற்கு 20. அன்றைக்குத் தாதியின் முன்னால் நான்கு அடி நன்றாகவே நடந்து காட்டினார்கள். ஆக 35. நாம் உண்மையைச் சொல்லியிருந்தால் 25ஐயும் கூட்டி 60 வந்திருக்கும். அந்த 60 என்ன செய்திருக்கும்? கட்டிலைத் தாழ்த்தியிருப்பார்கள், தாதியர் உட்காரும் இடத்துக்கு அருகே படுக்கையை மாற்றியிருப்பார்கள், கட்டிலில் எச்சரிக்கை அடையாளம் வைத்திருப்பார்கள், ஆள் துணையின்றிக் கழிவறைக்குப் போகவிட்டிருக்கமாட்டார்கள்.

இந்த அளவை ஜோசியம் அன்று. 60 வாங்கியவர் விழாமலே வீடு திரும்புவதும் உண்டு. 20 வாங்கியவர் விழுவதும் உண்டு. நாம் உண்மையைச் சொல்லியிருந்தால் தாயார் விழுந்தே இருக்கமாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல நம்மால் முடியாது. “நடக்க வேண்டியது நடந்தது” என்று உறவினர்கள் நமக்கு ஆறுதல் கூறினார்கள். ஆனால் விதியின் பக்கத்தில் எதை எழுதினாலும், நமது பக்கத்தில் 25 குறைகிறது. அதை வேறெவர் தலையிலும் கட்ட முடியாது. தாதி கேட்க வேண்டியதைக் கேட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதினார்.

கேட்பதும் பார்ப்பதும்

தாதித் தொழில் என்றால் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் அடிப்படை, கவனித்துப் பார்ப்பதாகும். 1854இல் துருக்கியின் உஸ்குதாரில் இருந்த யுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859இல் நோயாளிப் பராமரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பதிலை வாயில் ஊட்டிவிடும் கேள்விகளைக் கேட்கக்கூடாது என்பது அதில் அவர் வற்புறுத்தும் விஷயங்களில் ஒன்று. “ராத்திரி நன்றாகத் தூங்கினாரா?” என்று கேட்டால் “தூங்கினார்” என்றுதான் பதில் வரும். “எத்தனை மணி நேரம் தூங்கினார்? எந்தெந்த நேரத்தில்?” என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். கடைக்குச் சரக்கு எடுக்கும் நமக்கு இது புரியாததன்று. “அரிசி நல்ல அரிசிதானே?” என்று கேட்கிறவன் ஏமாறுவான். “எந்த அறுவடை? எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது?” என்று கேட்கிறவன் தப்புவான்.

சிங்கப்பூரில் இத்தொழில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, கான்வென்டைச் சேர்ந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பொது ஆஸ்பத்திரியில் பணியேற்றதிலிருந்து தொடங்கிற்று. இன்றும் அந்தத் தேதியே இங்கே தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அமெரிக்கத் தாதியான வெர்ஜினியா ஹெண்டர்சன் எழுதிய சிறுநூல் ஒன்றைச் சர்வதேசத் தாதியர் கவுன்சில் 1960இல் வெளியிட்டது. மனிதனுக்கு இருக்கும் அடிப்படைத் தேவைகள் 14 என்று அவர் எண்ணினார். மூச்சு விடுவது, உண்பது, கழிவு வெளியேறுவது, அசைவது, உறங்குவது, உடுப்பது, உடம்பின் சூடு, சுத்தம், ஆபத்திலிருந்து காப்பு, மனத்திலிருப்பதைப் பிறரிடம் சொல்வது, தமது மார்க்கப்படி வணங்குவது, வேலை, பொழுதுபோக்கு, கற்றுக்கொள்வது என்பனவே அவை. இவற்றில் எதைத் தாமே செய்துகொள்ள நோயாளியால் முடியவில்லையோ அதைத் தாதி செய்ய வேண்டும். அவர் தாமே செய்யும் நிலைக்குக் கூடிய சீக்கிரம் அவரைக் கொண்டுவரவும் வேண்டும் என்பது ஹெண்டர்சனின் கருத்து. வணக்கத்தையும் மூச்சோடும் உணவோடும் ஒரே வரிசையில் வைத்து அவர் எண்ணியிருப்பதைக் கவனியுங்கள்.

இவ்வாறு கண்டறிவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கேட்டும் பார்த்தும் விவரம் சேர்ப்பது, இரண்டாவது, அதிலிருந்து குறை இன்னதென்று பெயரிடுவது, மூன்றாவது, செய்ய வேண்டியதைத் திட்டமிடுவது, நான்காவது, செய்வது, ஐந்தாவது, செய்ததால் பலன் உண்டாயிற்றா என்று பார்ப்பது. பலன் இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படுக்கைப் புண் வருமா என்று பார்க்க 1987இல் வெளிவந்த பிரேடன் அளவை வேறு இருக்கிறது. தோலுக்கு உணர்ச்சி இருக்கிறதா, ஈரம் படுகிறதா, எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையில் புரண்டு படுக்கிறாரா, சாப்பாடு போதுமா, விரிப்பில் உடம்பு உராய்கிறதா என்று ஆறு வகையாகப் பார்த்து 6 முதல் 23 வரை புள்ளி போடுவார்கள். மோர்ஸ் அளவைக்கு நேர்மாறாக, இதில் புள்ளி குறையக் குறைய ஆபத்து கூடும்.

பற்றும் வரவும்

ஆறு வாரப் படுக்கையில் இன்னொன்றும் நடந்தது. தாயார் குடித்த நீர் எவ்வளவு, வெளியேறிய நீர் எவ்வளவு என்று தாதியர் நேரம் போட்டு எழுதி வந்தார்கள். அதுவும் ஒரு பற்று வரவுதான். ஒரு நாள் அந்தக் கணக்கைப் பார்த்த தாதி, “மக்சிக் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை?” என்று கேட்டார். “தாகமில்லை” என்றார்கள் தாயார். தாதி அதோடு விட்டுவிடவில்லை. நம்மை வெளியே போய் நிற்கச் சொன்னார். தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்து வந்து, திரையை இழுத்து மூடிக்கொண்டு மீண்டும் கேட்டார்.

அப்போதுதான் காரணம் வெளிவந்தது. தண்ணீர் குடித்தால் பெட்பேன் கேட்க வேண்டும்; அதை ஓர் ஆண் ஊழியர் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சத்தில், தாயார் தாகத்தை அடக்கிக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். விழுந்த அன்றைக்கு இரவிலும் மணியை அழுத்தாமல் எழுந்ததற்கு இதே கூச்சம்தான் காரணம். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள்: காலில் கட்டு இருப்பதால் ஒளு எப்படிச் செய்வது, கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியாமல் பல வக்துகள் தவறிப்போய்விட்டன, அந்தக் கவலையில் இரவில் தூக்கமும் வரவில்லை.

அன்றே பதிவேட்டில் மூன்று வரிகள் ஏறின. உடம்பு தொடர்பான உதவிக்குப் பெண் தாதியே வர வேண்டும். தொழுகை நேரங்களில் தண்ணீரும் கிண்ணமும் அருகில் வைக்க வேண்டும், கட்டை நனைக்கக்கூடாது. இந்தச் சன்னல் இருக்கும் பக்கம் கிப்லா. அதற்குப் பிறகு வந்த தாதிகள் யாரும் நம்மிடம் வந்து எதையும் கேட்கவில்லை. எழுதியிருந்ததைப் பார்த்து அவர்களே செய்தார்கள். தாயார் தண்ணீரும் குடித்தார்கள்; உறங்கவும் உறங்கினார்கள். நாம் பெற்ற பிள்ளை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இது நமக்குத் தெரியவில்லை. கணக்கைப் பார்த்த அந்நியப் பெண்ணுக்குத் தெரிந்தது.

எழுதிக்கொண்டே இருக்கிறார்களே!

“இந்தக் காலத்து மிஸ்ஸிகள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைவிடக் கம்ப்யூட்டரைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்” என்று நம்மவர்கள் குறைப்படுவதுண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. எழுத்தே பெரிதாகி மனிதன் சிறிதாகிவிடும் அபாயம் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஐந்தொகை சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டு, வாடிக்கைக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாத கடை எத்தனை நாள் நிற்கும்?

ஆயினும் எழுத்து ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். நம் முன்னோர்கள் பங்குக் கடை நடத்தினார்கள். ஒரு பங்காளி ஊருக்குப் போய் ஆறு மாதமோ ஓராண்டோ இருப்பார். மற்றவர் கடையைப் பார்த்துக்கொள்வார். அவர் திரும்பி வந்ததும் இவர் புறப்படுவார். அந்த ஒரு நாளில் பேரேட்டைப் பிரித்து வைத்து, இன்னார் பாக்கி இவ்வளவு, இன்ன சரக்கு வழியில் இருக்கிறது என்று ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேறுவார்கள். பேரேடு இல்லாவிட்டால் வந்தவருக்குக் கடை இருட்டறைதான்.

வார்டில் இந்த ஒப்படைப்பு ஆண்டுக்கொரு முறை நடப்பதன்று; அன்றாடம் ஒவ்வொரு ஷிப்டு மாறும்போதும் நடக்கிறது. பகலில் தாயாரின் முகம் பார்த்தவர் இரவில் இருக்கமாட்டார். இரவில் வருகிறவருக்கு எழுத்துதான் கண். ஆகவே, பார்ப்பதற்குப் பதிலாக எழுதுகிறார்கள் என்று எண்ணுவது தவறு. ஒருவர் பார்த்ததை அடுத்தவரும் பார்க்கும்படி செய்வதற்காகவே எழுதுகிறார்கள். எழுதாவிட்டால் செய்ததும் செய்யாததற்குச் சமம் என்று தாதியர் தமக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. படைத்தவனிடம் அது அப்படி இல்லை. நல்லது செய்தவரின் கணக்கு அவனிடம் தவறாது. ஆனால் இரவு ஷிப்டுக்கு வருகிற தாதிக்கு மறைவானது தெரியாதே!

எழுதுகோலின் நீதி

எழுதுவதில் ஒரு பெரிய அநீதியும் நேரக்கூடும். கடைக் கணக்கில் “இவர் மூன்று மாதமாகப் பாக்கி தரவில்லை” என்று எழுதலாம். “இவர் மோசக்காரர்” என்றும் எழுதலாம். முதலாவது நடந்தது, இரண்டாவது நமது தீர்ப்பு. நமக்குப் பின் கல்லாவில் உட்காருகிறவர் அந்த இரண்டாவது வரியைப் படித்தால், வந்தவருடைய முகத்தைப் பார்க்குமுன்பே மனத்தைச் சாத்திவிடுவார். அவருக்கு அந்த மூன்று மாதமும் வேலையில்லாமல் இருந்ததா என்று கேட்கவும் மாட்டார்.

நோயாளியின் பதிவேட்டிலும் அப்படியே. “சாப்பாட்டை மறுக்கிறார்” என்று எழுதுவது ஒன்று. “சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினார், ஹலாலா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார்” என்று எழுதுவது மற்றொன்று. முதலாவதைப் படிக்கும் தாதி பிடிவாதக்காரரைப் பார்க்கப் போவார். இரண்டாவதைப் படிப்பவர் சமையற்கட்டுக்குச் செய்தி அனுப்புவார். பார்த்ததையும் கேட்டதையும் எழுது, நோயாளியின் சொல்லை அவர் சொன்னபடியே எழுது, உன் தீர்ப்பை எழுதாதே என்று தாதியருக்குக் கற்பிக்கப்படுகிறது. படுத்துக் கிடப்பவர் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எழுந்து வந்து பார்ப்பதில்லை, மறுத்துப் பேசுவதுமில்லை. மறுக்க முடியாதவரைப் பற்றி எழுதும்போதுதான் எழுதுகிறவருடைய நேர்மை சோதிக்கப்படுகிறது.

தாயார் விழுந்த மறுநாள் நாம் அந்த மலாய்த் தாதியைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னோம். “முன்பு இரண்டு தடவை விழுந்தார்கள், நான்தான் மறைத்தேன்” என்றோம். அவர் கோபிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, தேதியும் நேரமும் போட்டு, “முன்பு இருமுறை விழுந்ததாக மகன் இன்று தெரிவித்தார்” என்று பதிந்தார். பழைய “இல்லை” அதற்குக் கீழே அப்படியே இருந்தது. அதை அழித்துவிட முடியாதா என்று கேட்டோம். “நாங்கள் அழிப்பதில்லை, என்சிக். சரியானதைச் சேர்ப்போம், முன்பு சொன்னதும் இருக்கும்” என்றார். காகிதத்தில் எழுதிய காலத்திலும் அப்படித்தானாம். பிழையான வரியின்மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்திடுவார்களே தவிர, சுரண்டவோ மை பூசவோ மாட்டார்கள். நல்ல கணக்கப்பிள்ளையின் ஏடும் அப்படித்தான் இருக்கும். சுரண்டிய ஏட்டை நாம் நம்புவோமா?

யார் வாசகம் சொல்ல வேண்டும்?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் நீண்ட ஆயத்தை வியாபாரிகளான நாம் எல்லோரும் அறிவோம். எழுதுகிறவர் நீதியுடன் எழுத வேண்டும் என்பதை நினைவில் வைத்திருக்கிறோம். அதோடு, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவர் பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நாம் சிறுவயதில் ஓதியபோது இதைக் கடனுக்குரிய சட்டமாக மட்டுமே எண்ணினோம். வார்டில் நின்றபோதுதான் இதே நியாயம் நோயாளியின் கட்டிலுக்கும் பொருந்தும் என்று உணர்ந்தோம்.

தாதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வாசகம் சொல்கிறவன் பொய் சொன்னால் ஏடு பொய்யாகிவிடும். தாயாருக்கு வாய் இருந்தது. அறிவு தெளிவாக இருந்தது. அப்படியிருக்க நாம் ஏன் குறுக்கே பாய்ந்து பதில் சொன்னோம்? அவர்களுடைய தேவையைவிட நமது பெயர் அந்த நிமிஷத்தில் நமக்குப் பெரிதாகப் பட்டது. அதுதான் விஷயம். “மானம்” என்று அதற்குப் பெயர் வைத்தோம். தாயாரும் பிள்ளையின் மானத்தைக் காப்பதற்காக மௌனமாக இருந்தார்கள். மானத்தைக் காப்பது நல்லதுதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது நாமல்லவே. கட்டிலில் இருந்தவர்களல்லவா கொடுத்தார்கள்?

பொய் சொல்லாமலே பிழை செய்வதும் உண்டு. வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பார்கள். நம் தாய்மார்கள் 8க்கும் “பரவாயில்லை” என்பார்கள். 3க்கும் “பரவாயில்லை” என்பார்கள். நமது மொழியில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், விண்விண்ணென்று தெறிப்பது. ஒவ்வொன்றும் வேறு வேறு. தாயார் “பாதம் எரியுது, கெண்டைக்கால் குடையுது” என்று சொல்ல, நடுவில் நின்ற நாம் அத்தனையையும் சுருக்கி “சாக்கிட்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். எரிச்சல் ஒன்றைக் காட்டும்; குடைச்சல் வேறொன்றைக் காட்டும். இருபது ரகச் சரக்கை “சாமான்கள்” என்று ஒரே வரியில் எழுதினால் அது கணக்காகுமா? மொழிபெயர்ப்பவர் தமக்கு முடிந்த மட்டில் முழுவதையும் சொல்ல வேண்டும்; முடியாவிட்டால் மொழி தெரிந்த தாதியையோ ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரையோ கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

நம் கடைகளில் வேலை செய்யும் தம்பிமார் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஊரிலிருந்து வந்த பையன் மூட்டை தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். ஆஸ்பத்திரிக்கு முதலாளி அழைத்துப் போகிறார். தாதி கேட்பதை முதலாளியே தமிழில் சொல்கிறார். பையனுடைய பதிலையும் முதலாளியே திருப்பிச் சொல்கிறார். “எப்படி நேர்ந்தது? எத்தனை கிலோ தூக்கினான்? எத்தனை நாளாக வலி?” என்று கேட்கும்போது, அந்தப் பதிலில் முதலாளிக்கும் ஓர் ஆதாயமோ நஷ்டமோ இருக்கிறதல்லவா? பொய் சொல்லும் நிய்யத்து இல்லாவிட்டாலும் நாக்கு தன் பக்கம் கொஞ்சம் சாயும். தராசுத் தட்டில் தன் விரலை வைத்துக்கொண்டே நிறுப்பது போன்றது அது. அப்படிப்பட்ட இடத்தில் நாம் விலகி நின்று, வேறொருவர் பேசட்டும் என்று சொல்வதே நீதி.

நாம் செய்யக்கூடியவை

பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகுமுன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். அவர்கள் சாப்பிடும் மருந்துகள். நாட்டு மருந்தும் லேகியமும்கூட. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. எப்போது, எங்கே, எத்தனை தடவை விழுந்தார்கள். கண்ணாடி, காதுக்கருவி, கட்டுப்பல் உண்டா. நோன்பு வைத்திருக்கிறார்களா. எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டி, “சரிதானா?” என்று கேளுங்கள். வார்டில் தாதி கேட்கும்போது அவர்களையே பேசவிடுங்கள். அவர்களால் முடியாதபோது மட்டும் நீங்கள் பேசுங்கள். பேசும்போது கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். சில விஷயங்களைப் பெற்ற பிள்ளைக்கு முன்னால் சொல்லக் கூச்சமிருக்கும். “நான் சற்று வெளியே இருக்கட்டுமா?” என்று நீங்களே கேட்டுக்கொண்டு எழுந்து போங்கள்.

தாதியிடம் சொன்னது கடைத்தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். நோயாளியின் விவரத்தை வெளியில் பேசுவது அவர்கள் தொழிலில் பெருங்குற்றம். இன்னார் நமக்கு இவ்வளவு பாக்கி என்று நல்ல வியாபாரி வெளியே சொல்வானா? அதுபோலத்தான் இதுவும், ஓர் அமானிதம். அன்றைக்கு நாம் அஞ்சியது பக்கத்துப் படுக்கைக்காரருக்காக. “தனியாகப் பேசலாமா?” என்று தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திரையை இழுத்து மூடியிருப்பார். அந்த ஒரு வார்த்தை நமக்கு அப்போது தோன்றவில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். எழுதியது பிழையானால் அது யாருடைய கணக்கில் ஏறும்? கேட்காமல் எழுதினால் தாதியின் கணக்கில். கேட்டும் மறைத்தால் மறைத்தவனுடைய கணக்கில். தேவை நோயாளியுடையது, எழுதுகோல் தாதியுடையது, நடுவில் நிற்கும் நாவு நம்முடையது. அந்த நாவைக் காப்பது நமது பொறுப்பு.

தாயார் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் நாம் மன்னிப்புக் கேட்டோம். நடைச்சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். “அன்னைக்கு நானும் வாயைத் திறந்திருக்கணும்ல, மவனே” என்றார்கள். அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, தாதி “இதற்கிடையில் விழுந்தீர்களா?” என்று கேட்டதும், நமக்கு முன்னால் அவர்களே பதில் சொன்னார்கள்: “ஒரு தடவை. சமையல்கட்டில். செவ்வாய்க்கிழமை.”

நாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். தாதி எழுதிக்கொண்டார்.